வீடற்றோர் காப்பகமும் அக்கம்பக்கத்தின் அச்சமும்: நெய்வேலியை முன்வைத்து

விக்கிரவாண்டியில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று கும்பகோணத்தை நோக்கி ஒரு சாலை இறங்குகிறது. பேருந்தில் போகிறவர்கள் முந்திரித் தோப்புகளையும் பலாப்பழக் குவியல்களையும் பார்த்தபடி போவார்கள். அந்த வழியில் எழுபது கிலோமீட்டருக்குள், வீடில்லாத மனிதரை ஊர் எப்படி நடத்தலாம் என்பதற்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன. ஒன்று வடலூரின் தருமச்சாலை. இன்னொன்று நெய்வேலி நகரியம். மூன்றாவது, சாலை தொடங்கும் விக்கிரவாண்டி வட்டாரத்தில் இருக்கும் குண்டலப்புலியூர். 2023 பிப்ரவரிக்குப் பிறகு நாடறிந்த பெயர் அது. நம் தெருவுக்குப் பக்கத்தில் வீடற்றோர் காப்பகம் வந்தால் நம் பாதுகாப்பு என்னாவது என்று குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள். இந்த மூன்று இடங்களையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டுதான் அதற்குப் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்த காலம். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு என்பது அங்கே விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுவதைத் தமிழர் பலரும் அறிவார்கள். அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் அதிகம் பேசப்படாத செய்தி. பார்வதிபுரம் கிராமத்தார் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் நாள்தோறும் வந்து கூடப்போகிற ஓர் இடத்துக்கு, பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் தங்கள் நிலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உரிமையுணர்வு இன்னும் மங்கவில்லை. வள்ளலார் பெயரில் சர்வதேச மையம் கட்டுவதற்காக 2024இல் அந்த நிலத்தின் பெருவெளியில் அரசு பள்ளம் தோண்டியபோது, பார்வதிபுரத்து மக்கள் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்று எதிர்த்தார்கள். கட்டுமானம் சரியா தவறா என்பது வேறு விவாதம். முதியவர்களும் சாதுக்களும் போக்கிடமற்றவர்களும் வந்து கூடும் ஓர் இடத்தைப் பக்கத்து ஊர் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் தன்னுடையதாகப் பார்க்கிறது என்பதே இங்கே எனக்கு முக்கியம்.

வடலூரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் நெய்வேலியின் கதை வேறு. நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சுரங்கத்துக்காகவும் நகரியத்துக்காகவும் கிராமங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நெய்வேலி என்ற பெயரே அப்படி மறைந்த ஒரு கிராமத்தின் பெயர்தான். அந்த நிலத்தின் மேல் எழுந்த ஊர், தமிழ்நாட்டில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர்களில் மிக ஒழுங்கானவற்றில் ஒன்று. எண்ணிட்ட வட்டங்கள், நிழல் விரிந்த அகலச் சாலைகள், பள்ளிகள், பெரிய மருத்துவமனை எல்லாம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. ஆனாலும் அது நகராட்சி இல்லை. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வீடு ஒதுக்கீடு எல்லாம் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தின் கையில். குவார்ட்டர்ஸ் என்பது வேலையோடு வரும் கூரை. பணி முடிந்தால் காலி செய்ய வேண்டும் என்பதே விதி. முப்பது ஆண்டுகள் மரம் வளர்த்த வீட்டைச் சாவியோடு ஒப்படைத்துவிட்டு இந்திரா நகரிலோ வடக்குத்திலோ மனை வாங்கிப் போன குடும்பங்கள் ஏராளம். ஆக, கூரை என்பது இன்னொருவர் கையெழுத்தில் தங்கியிருக்கிறது என்பதை இந்த ஊரார் அளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவு. அதே ஊரின் ஒழுங்கு, வேலையும் ஒதுக்கீட்டு ஆணையும் இல்லாத மனிதருக்கு இடமே வைக்காத ஒழுங்காகவும் இருக்கிறது. அப்படிப்பட்டவர் நகரியத்து நுழைவாயிலான ஆர்ச் கேட்டிலோ மந்தாரக்குப்பம் பேருந்து நிலையத்திலோ கடைவாசலிலோ படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காப்பகம் என்பது தருமம் என்ற நிலையிலிருந்து கடமை என்ற நிலைக்கு வந்தது டெல்லியில் நடந்த ஒன்றால். 2009 டிசம்பர், காமன்வெல்த் போட்டிகளுக்குத் தலைநகரம் தயாராகிக்கொண்டிருந்த குளிர்காலம். பூசா சாலை ரவுண்டானாவில் இருந்த தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி அகற்றியது. அங்கே படுத்திருந்தவர்கள் குளிரில் நின்றார்கள், சாவுகள் நடந்தன. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் இதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். காப்பகம் அமைக்கச் சொல்லி 2010 ஜனவரியில் டெல்லிக்குப் பிறந்த உத்தரவு பின்னர் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேருக்கு நிரந்தரக் காப்பகம், ஒருவருக்கு ஐம்பது சதுர அடி, நாள் முழுதும் திறந்திருக்க வேண்டும் என்பவை அதன் அளவுகள். காப்பகம் எங்கே அமைய வேண்டும் என்பதையும் நெறிமுறைகள் சொல்கின்றன. பேருந்து நிலையம், ரயிலடி, சந்தை என்று வீடற்றவர்கள் ஏற்கெனவே இருக்கும் இடங்களுக்கு அருகில்தான் அமைய வேண்டும். பணம் ஒதுக்கியும் காப்பகங்கள் ஏன் எழவில்லை என்று பார்க்க 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவையே உச்ச நீதிமன்றம் அமைக்க வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கை நெய்வேலிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு லட்சம் பேர், ஒரு காப்பகம், நூறு படுக்கை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான அளவு அது, நகரியத்தில் உள்ளாட்சியின் இடத்தில் இருப்பதோ நிறுவனம். அதை ஒருபுறம் வைத்துவிட்டு, எந்த வட்டத்துக்கு அருகில் கட்டுவது என்று மட்டும் கேட்டுப்பார்த்தால் போதும். எதிர்ப்பு எப்படி வரும் என்று ஊகிப்பது கடினமில்லை. கணவர் நைட் ஷிஃப்ட் போனால் குவார்ட்டர்ஸில் மனைவியும் பிள்ளைகளும் தனியே இருப்பார்கள். பொங்கலுக்குச் சொந்த ஊர் போய்த் திரும்பும்போது பூட்டு உடைந்திருக்குமோ என்ற கவலை எப்போதும் உண்டு. டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பெண்பிள்ளை அந்த வழியாகத்தான் வர வேண்டும். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்துகிடப்பார்கள், கழிப்பிடம் போதாமல் மரத்தடிகள் நாறும், மனநிலை சரியில்லாத யாராவது கல்லெடுத்து எறிந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேள்விகள் வரும்.

இந்த அச்சத்தைப் பழிக்கக் கூடாது. ஏழைகள்மீது வெறுப்பு என்று முத்திரை குத்தி ஒதுக்குவது சமூகப் பணியாளர்கள் பலரிடம் இருக்கும் பழக்கம். அது பேச்சையே முடித்துவிடுகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தெருவின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனவே முதலில் கேட்க வேண்டியது, காப்பகம் வந்த இடங்களில் உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான்.

இதை எண்ணிக்கையாக ஆராய்ந்தவை பெரும்பாலும் வட அமெரிக்க ஆய்வுகள். அவற்றில் ஒன்றைக் காப்பகங்களை ஆதரிப்பவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை. நேர்மை கருதி அதிலிருந்து தொடங்குகிறேன். கனடாவின் வான்கூவர் நகரில் குளிர்காலத்தில் மட்டும் திறந்து, வசந்தத்தில் மூடப்படும் அவசரக் காப்பகங்கள் உண்டு. ஒரே இடம், சில மாதம் காப்பகத்தோடு, சில மாதம் காப்பகமில்லாமல் இருப்பதால், ஒப்பிடுவதற்கு வாய்ப்பான சூழல். கிரெக் ரிட்ஜ்வேயும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, காப்பகம் திறந்திருக்கும் காலத்தில் அதிலிருந்து 100 மீட்டருக்குள் சொத்துக் குற்றங்கள் 56 விழுக்காடு கூடின. கூடியவை பெரும்பாலும் காரிலிருந்து பொருள் திருடுவது, சில்லறைத் திருட்டு, பொருள்களைச் சேதப்படுத்துவது ஆகியவை. தூரம் போகப்போக அந்த விளைவு தேய்ந்து மறைந்தது. அதே 100 மீட்டருக்குள் கடைகளின் பூட்டை உடைத்துப் புகும் குற்றம் 34 விழுக்காடு குறைந்தது. இரவெல்லாம் ஆள் நடமாட்டமும் விளக்கும் இருக்கும் தெருவில் கடையை உடைப்பது கடினம் என்பது எனக்குத் தோன்றும் காரணம். ஆகவே, பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுப்பது பொய். ஆகக்கூடியது என்ன, எவ்வளவு தூரத்துக்கு, எந்த வகைக் காப்பகத்தால் என்று பிரித்துச் சொல்வதுதான் உண்மை.

எந்த வகை என்பதற்கு அமெரிக்காவின் டென்வர் நகரம் விடை தருகிறது. ஜார்ஜ் கால்ஸ்டர் முதலானோர் அங்கே 14 ஆதரவு இல்லங்களைச் சுற்றி நடந்த குற்றங்களை, இல்லம் வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். பொதுவாக இல்லம் வந்ததால் குற்றம் கூடியது என்று சொல்லச் சான்றில்லை என்பது 2002இல் வெளியான அவர்களுடைய முடிவு. ஒரு விலக்கு இருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் தங்கிய பெரிய இல்லங்களைச் சுற்றிக் குற்றம் கூடியிருந்தது. குடியிருப்பவர்களிடம் பேசியபோது கிடைத்த விளக்கம் இன்னும் கூர்மையானது: எளிதில் ஏமாற்றவும் தாக்கவும் கூடியவர்கள் கூட்டமாக ஓரிடத்தில் இருப்பது குற்றவாளிகளை அங்கே இழுக்கிறது, அந்த அளவு கூட்டம் வந்ததும் தெருக்காரர்களும் தெருவைக் கவனிப்பதைக் கைவிடுகிறார்கள். நியூயார்க்கில் ஃபர்மன் மையம் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 7,500 வீடுகள் கொண்ட 123 ஆதரவுக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டது. அவற்றால் அக்கம்பக்கத்து வீட்டு மதிப்பு சரியவில்லை, காலப்போக்கில் சற்று உயரவே செய்தது என்று கண்டது.

அந்த மூன்று நகரங்களின் வீடற்றவர்கள் வேறு, நம் வீடற்றவர்கள் வேறு. நம் தெருக்களில் தூங்குகிறவர்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் மிகுதி. சென்னையில் வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனைப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். 2011 பிப்ரவரி 28 இரவில் எடுத்த கணக்கில் நாடு முழுதும் 17.7 லட்சம் பேர் வீடற்றவர்களாகப் பதிவானார்கள், தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்கு மேல். இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டாலும் டென்வர் பாடம் நமக்கு உதவும். ஏனென்றால் நம் நெறிமுறை ஒரு காப்பகத்துக்கு ஐம்பது முதல் நூறு பேர் வரை என்கிறது. தொல்லை தொடங்கியதாக டென்வரில் கண்ட அளவிலிருந்துதான் நம் கணக்கே தொடங்குகிறது. சென்னை மாநகராட்சி தன் காப்பகங்களைப் பெண்கள், ஆண்கள், சிறுவர், முதியோர், மனநலம் குன்றியோர், அரசு மருத்துவமனை நோயாளிகளுடன் வந்தோர் என்று பிரித்து, தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்து நடத்துவது இந்த வகையில் நல்ல வழி. மருத்துவமனைக்குப் பக்கத்தில் நோயாளியின் மனைவியும் தாயும் தங்கும் இடத்தை எந்தத் தெருவும் பகையாகப் பார்ப்பதில்லை. யார் தங்குகிறார்கள் என்று தெருவுக்குத் தெரிந்திருப்பதே அதற்குக் காரணம்.

எதிர்ப்பு வந்ததும் அதிகாரிகள் எடுக்கும் எளிய முடிவு ஊருக்கு வெளியே கொண்டுபோவது. புறம்போக்கு, ஏரிக்கரை, நெடுஞ்சாலையின் ஒதுக்குப்புறம் என்று எங்காவது. பார்வைக்கு வராவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இந்த முடிவைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அதன் விலை என்னவென்று நம் மாநிலம் கண்டிருக்கிறது.

குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் பல ஆண்டுகள் இயங்கியது. தெருவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், மனநலம் குன்றியவர்கள், உறவினர்கள் கொண்டுவந்து விட்ட முதியவர்கள் என 140க்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் உயர் நீதிமன்றம்வரை போனதால்தான் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். உரிய அனுமதி இல்லை. சங்கிலி, அடி, பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேலும் சிலரைக் காணவில்லை என்ற புகார்களும் எழுந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரித்தது. அதற்கு ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 விடியலில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை.

இந்த இரண்டு இடங்களிலும் ஆபத்தில் இருந்தவர்கள் சுவருக்கு உள்ளே இருந்தவர்கள். பாதுகாப்பு என்ற பேச்சில் அவர்களுடைய பாதுகாப்பு கணக்கிலேயே வருவதில்லை. தெருவில் தூங்கும் பெண்ணுக்கு இரவு என்றால் என்ன என்பதை டியூஷன் முடிந்து வரும் பெண்ணின் தாய் எளிதில் புரிந்துகொள்வார். அந்த இரண்டு அச்சங்களும் ஒரே இருட்டைப் பற்றியவை. அக்கம்பக்கம் இல்லாத இடத்தில் வைத்த காப்பகத்தில் கூச்சல் கேட்க ஆளில்லை, புகார் சொல்ல ஆளில்லை, நாலு நாளாக அந்தப் பெரியவரைக் காணோமே என்று கேட்கவும் ஆளில்லை. அக்கம்பக்கத்தார் காப்பகத்துக்குத் தொல்லை என்று நினைக்கும் சமூகப் பணியாளரும், காப்பகம் தங்களுக்குத் தொல்லை என்று நினைக்கும் குடியிருப்போரும் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தங்கியிருப்பவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த காவல் பக்கத்து வீட்டு ஜன்னல்தான்.

இதைச் செயலில் காட்டியது சென்னையின் ‘தி பான்யன்’ அமைப்பு. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல், மனநலம் குன்றித் தெருவில் அலைந்த பெண்களுக்காக அதைத் தொடங்கினார்கள். குணமானவர்கள் பலர் தங்கள் குடும்பங்களுக்குத் திரும்பினார்கள். திரும்ப வீடில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே தங்க நேர்ந்தது. அவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் வந்தது. சாதாரணத் தெருக்களில், சாதாரண வாடகை வீடுகளில் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள், துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. உலக சுகாதார நிறுவனம் சமூக மனநலச் சேவை பற்றி 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை நல்ல முன்னுதாரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கேரளம், மகாராஷ்டிரம், அசாம் மாநிலங்களுக்கும் திட்டம் விரிந்தது. நூறு பேர் ஒரு கட்டடத்தில் இருந்தால் அது ஒரு நிறுவனம். ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தால் அது இன்னொரு குடும்பம், அவர்களைத் தெரு பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குகிறது.

எல்லோரையும் இப்படிக் குடியமர்த்த முடியாது என்பது உண்மை. மழையிரவில் பேருந்து நிலையத்தில் ஒதுங்கும் கூலித் தொழிலாளிக்கு அன்றிரவே ஒரு பாய் வேண்டும். அதற்குக் காப்பகம்தான் வழி. நம்மிடம் இருந்த பழைய வழி போலீஸ். 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் தெருவில் கையேந்துவதைக் குற்றமாக்கியது. பம்பாயின் அதே மாதிரியான சட்டத்தில் பல பிரிவுகளை, டெல்லியைப் பொறுத்தவரை, டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் ரத்து செய்தது. வறுமையைக் குற்றமாக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இன்னும் தெளிவு. மனநலம் குன்றி அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவத்துக்குக் கொண்டுசெல்வது காவல் நிலையத்தின் கடமை. சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவருடைய உரிமை. ஆனாலும் பெரிய ஆள் வருகிறார் என்றால் தெருவில் இருப்பவர்களை வண்டியில் ஏற்றி வேறு ஊரில் இறக்கிவிடும் வழக்கம் போகவில்லை. ஓர் ஊர் ஏற்றி அனுப்பியவரைத்தான் இன்னோர் ஊர் விடியலில் தன் பேருந்து நிலையத்தில் காண்கிறது. அடுத்த ஊரிலும் இடமில்லாதபோது அவர் போய்ச் சேருவது குண்டலப்புலியூர் போன்ற ஓர் இடத்தில்.

நெய்வேலிக்கு நான் சொல்வது இது. நூறு படுக்கைக் கட்டடம் ஒன்று வேண்டாம். இருபது, இருபத்தைந்து பேர் தங்கும் இடங்கள் மூன்று நான்காகப் பிரித்து வையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளோடு இருப்போருக்கும் தனி இடம் வேண்டும். அது பொது மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் நோயாளிகளோடு வரும் சுற்றுவட்டக் கிராமத்தாருக்கும் உதவும். ஆண்களுக்கு மந்தாரக்குப்பத்துப் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒன்று இருக்கலாம். அங்கே ஏற்கெனவே தூங்குகிறவர்களுக்குக் கூரை கிடைக்கும். நகரியத்தில் காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸ் சிலவற்றில், குணமான நாலைந்து பேர் வாழும் வீடுகளை நிறுவனமே தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நடத்தலாம். வீட்டை ஒதுக்கும் அதிகாரம் ஒரே கையில் இருக்கும் ஊரில், வேறு எந்த நகரத்தையும்விட இது சுலபம். நகரியத்துக்கு நிறுவனம், வெளியே உள்ள ஊர்களுக்கு அந்தந்த உள்ளாட்சி, இரண்டுக்கும் மேலே கடலூர் ஆட்சியர் என்று பொறுப்பைப் பகிர்ந்து எழுதிவிட வேண்டும். அப்படி எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

குடியிருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேண்டாம் என்ற மனுவோடு போகாதீர்கள், நிபந்தனைகளோடு போங்கள். இரவில் எத்தனை பணியாளர்கள் இருப்பார்கள், அவர்களில் பெண் உண்டா? எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? தெருமுனை விளக்கு எரியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது? பக்கத்தில் டாஸ்மாக் கடை இருக்கிறதா? மனநல மருத்துவர் வாரம் எத்தனை முறை வருவார்? பதிவேட்டை யார் பார்க்கலாம்? இவை அனைத்தும் நியாயமான கேள்விகள், எழுத்தில் பதில் கேட்க வேண்டிய கேள்விகள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகளிலேயே காப்பகத்துக்கு ஒரு நிர்வாகக் குழு உண்டு. அதில் தெருக்காரர் இருவர் உட்கார வேண்டும் என்று கேளுங்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முன்னறிவிப்பில்லாமல் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். அது உங்கள் பிள்ளைகளையும் காக்கும், உள்ளே படுத்திருப்பவர்களையும் காக்கும். முதல் கூட்டத்தை வட்டத்துப் பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள், ஷிஃப்ட் போகிறவர்களும் வர வசதியாக. அந்தக் கூட்டத்துக்கு, தங்கப்போகிறவர்களில் இரண்டு மூன்று பேரையும் அழைத்து உங்களோடு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள்.